நிலக்கரிக் கிடங்குத் தூசி: மனு எழுத உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய தனியார் கிடங்கொன்றில் நிலக்கரியைத் திறந்தவெளியில் குவித்து வைப்பதால், காற்று பலமாக வீசும் நாட்களில் கொடியில் காயும் துணிகளிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியிலும் கரி படிந்துவிடுகிறது. குவியலின் மேல் தார்ப்பாய் இல்லை. தண்ணீர் தெளிப்பான் இருந்தாலும், ஆய்வுக்கு ஆள் வரும்போது மட்டும் அது தவறாமல் இயங்குகிறது.

1981ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் இசைவாணையில் (கிடங்கு இயங்குவதற்கான அனுமதி ஆணையில்), காற்றுத் தடுப்பு வேலி, குவியலின் உயரம், லாரிச் சக்கரங்களைக் கழுவுதல் ஆகியவை குறித்து என்ன நிபந்தனைகள் உள்ளன என்பதை அறிய, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவை எவ்வாறு எழுதுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். பிஎம்10 எனப்படும், 10 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள காற்றுத் துகளுக்கான 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அந்த அளவீட்டைக் கிடங்கின் வாசலில் அல்லாமல், தூசி வந்து விழும் குடியிருப்புப் பக்கத்தில் எடுக்குமாறு யாரிடம் கோருவது என்பதையும் தெரிவியுங்கள்.