சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன்: ஊரில எட்டு மாசம் நிண்டதுக்கு பொலிஸ் சேர்டிபிகேட் வேணுமோ?

மார்க்கம்_சுதா

எல்லாருக்கும் வணக்கம். நான் 2021ல கணவர் ஸ்பொன்சர் பண்ணி பிஆரோட (நிரந்தர வதிவுரிமையோட) கனடா வந்தனான். 2024 நடுவில அப்பாக்கு பாரிசவாதம் வந்து, அம்மாவால தனிய பாக்கேலாம, நான் யாழ்ப்பாணம் போய் ஒரு எட்டு மாசம் ஒரேயடியா அங்கயே நிண்டிட்டு வந்தன். இப்ப கணக்குப் பாத்தா அந்த எட்டு மாசத்தைக் கழிச்சாலும் கனடாவில இருந்திருக்க வேண்டிய 1,095 நாள் தாராளமா வருது, அதால சிட்டிசன்ஷிப்புக்கு போடுவம் எண்டு ஃபோர்மை திறந்தா, கடைசி நாலு வருசத்தில கனடா இல்லாத வேற நாட்டில 183 நாளோ அதுக்கு மேலயோ நிண்டனீங்களோ எண்டு ஒரு கேள்வி இருக்கு. ஓம் எண்டா பொலிஸ் சேர்டிபிகேட் வேணுமாம். நான் அங்க வேலை செய்யேல்ல, வீடு எடுத்து இருக்கேல்ல, அப்பாவோட ஆஸ்பத்திரியும் வீடுமாத்தான் திரிஞ்சனான். அதோட பிஆருக்கு போடேக்க ஒருக்கா பொலிஸ் ரிப்போர்ட் குடுத்தனான் தானே, அந்தக் கொப்பி கையில இருக்கு, அதையே திருப்பி அனுப்பினா காணாதோ? திருப்பி எடுக்கிறதெண்டா இங்க இருந்துகொண்டு எப்பிடி எடுக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, அவசரப்பட்டு பிழையா அனுப்பிப்போட்டு இழுபட விருப்பமில்ல.

ரூஜ்_பார்க்_பெடியன்

அக்கா எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் பழைய பிஆர் ரிப்போர்ட்டைத்தான் வச்சு அனுப்பினவர் எண்டு கேள்வி. நீங்களும் அதை வச்சு அனுப்புங்கோ, வேணுமெண்டா அவங்களே கேப்பாங்கள் தானே.

கோண்டாவில்_அண்ணா

தம்பி, குறை நினைக்காத, இது சரியான புத்திமதி இல்ல. சுதா தங்கச்சி, நீங்கள் கட்டாயம் புதுசு எடுக்கோணும். ஏன் எண்டு சொல்லுறன், விளங்கிச்சுதெண்டா மிச்சக் குழப்பமெல்லாம் தானா போயிடும்.

உங்கட பிஆர் ரிப்போர்ட் 2021க்கு முந்தினது. அந்தப் பேப்பர் நீங்கள் 2024ல போய் நிண்ட எட்டு மாசத்தைப் பற்றி ஒண்டும் சொல்லாது, எப்பிடிச் சொல்லும்? இவங்கள் கேக்கிறது அந்த எட்டு மாசத்துக்குத்தான். சிட்டிசன்ஷிப் சட்டத்தில, வெளிநாட்டில செய்த ஒரு குற்றம் இங்க செய்திருந்தா இன்டைட்டபிள், அதாவது பாரதூரமான குற்றம், எண்டு வாற வகையா இருந்தா, அதுக்கு விண்ணப்பத்துக்கு முந்தின நாலு வருசத்துக்குள்ள தண்டனை பெற்ற ஆளுக்கு குடியுரிமை குடுக்கேலாது, வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் குடுக்கேலாது. 2014ல பில் சி-24 எண்டு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தாங்கள், 2015 ஜூன்ல நடைமுறைக்கு வந்தது, அதுக்கு முந்தி வெளிநாட்டுக் குற்றம் இந்தத் தடைக்குள்ள வரேல்ல. பிறகு 2017ல சி-6 வந்து அஞ்சு வருசத்தில மூண்டு வருசம் இருந்தா காணும் எண்டு இலகுவாக்கினவங்கள், ஆனா இந்த வெளிநாட்டுக் குற்ற விசயத்தை அப்பிடியே விட்டிட்டாங்கள். ஃபோர்மில நாலு வருசம் எண்டு நிக்கிறதும் அந்தச் சட்டத்தோட ஒத்து வாற கணக்குத்தான்.

நீங்கள் அங்க வேலை செய்தனீங்களோ, வீடு எடுத்தனீங்களோ எண்டு அவங்கள் பாக்கிறேல்ல. ஆள் அந்த நாட்டில நிண்டதோ இல்லையோ, அவ்வளவுதான். அப்பாவைப் பாக்கப் போனது நல்ல காரியம், அதில ஒளிக்க ஒண்டுமில்ல, நேரா ஓம் எண்டு போட்டு திகதியை எழுதுங்கோ. சில பேர் இல்லை எண்டு போட்டிட்டு விடுவம் எண்டு நினைக்கிறவை, தயவுசெய்து ஒருத்தரும் அப்பிடி செய்யாதேங்கோ. 2020ல இருந்து விமானத்தில வெளிக்கிடுற ஆக்களின்ர தகவலும் கனடாவுக்கு கிடைக்குது, பிழையான தகவல் குடுத்தது எண்டு முடிவெடுத்தாங்கள் எண்டா அஞ்சு வருசத்துக்கு திருப்பிப் போடேலாது. ஒரு சேர்டிபிகேட்டுக்கு அலுப்புப் பட்டு அஞ்சு வருசத்தை இழக்கலாமோ?

எடுக்கிற முறை: ஸ்ரீலங்கா பொலிசின்ர வெப்சைட்டில ஒன்லைனா போடலாம், பாஸ்போட், ஐடென்டிட்டி காட், பிறப்புச் சான்றிதழ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வையுங்கோ. டொரன்டோ கொன்சியூலேட் ஊடாகவும் கேக்கலாம். நீங்கள் இருந்த விலாசமும் எப்ப இருந்து எப்ப வரை எண்டதும் கேப்பாங்கள், அது அந்த ஏரியா பொலிஸ் ஸ்டேசனுக்கு விசாரணைக்கு போகும். கொழும்பில சொந்தக்காரர் வீட்டில கொஞ்ச நாள் தங்கினா அந்த விலாசத்தையும் போடுங்கோ. வீட்டில அம்மாட்ட முதலே சொல்லி வையுங்கோ, பொலிஸ் வந்து விசாரிச்சா பயப்படாம நீங்கள் எப்ப வந்தது எப்ப போனது எண்டு சொல்லட்டும். எங்கட சனத்துக்கு பொலிஸ் வாசலில நிண்டாலே நெஞ்சு பதறும், அதால இதை லேசா விடாதேங்கோ.

மார்க்கம்_சுதா

அண்ணா பெரிய உதவி, இப்பத்தான் தெளிவா விளங்குது. ஒரு சந்தேகம், என்ர ஐடென்டிட்டி காட் பழசு, ஒன்பது இலக்கமும் வீ (V) எழுத்தும் இருக்கிறது, அதில அப்பான்ர பேர் முன்னுக்கு. பிஆர் காட்டில கணவற்ற பேர் கடைசிப் பேரா இருக்கு. இது பிரச்சினையோ?

மல்லிகை_எயாக்ஸ்

சுதா, எங்கட வீட்டில இதாலதான் ஒருக்கா இழுபட்டது, அதால சொல்லுறன். மச்சாள் ஒராள் ஒன்லைனில பிஆர் காட்டில இருக்கிற பேரைப் போட்டவ, இணைச்ச ஐடென்டிட்டி காட்டில வேற பேர், விசாரணைக்கு போன இடத்தில ஆள் ஆரெண்டு தெரியாம நிண்டு கடைசியில திருப்பி முதல்ல இருந்து போட வேண்டி வந்தது. அதால விண்ணப்பத்தில இப்ப இருக்கிற பாஸ்போட்டில உள்ள மாதிரியே ஒரு எழுத்தும் மாத்தாம போடுங்கோ, பழைய பேரையும் சேத்து எழுதுங்கோ, கலியாணப் பதிவுச் சான்றிதழ் கொப்பியையும் வையுங்கோ. சிட்டிசன்ஷிப் ஃபோர்மிலயும் வேற பேர் பாவிச்சனீங்களோ எண்டு கேக்கிற இடம் இருக்கு, அதில அப்பான்ர பேரோட இருக்கிறதை எழுதிவிட்டீங்கள் எண்டா சேர்டிபிகேட்டில எந்தப் பேர் வந்தாலும் ஒப்பிட்டுப் பாக்கலாம். அப்பா இப்ப எப்பிடி இருக்கிறார்?

பிராம்ப்டன்_கோவைக்காரன்

நல்ல த்ரெட், எனக்கும் இதுல ஒரு டவுட் இருக்குங்க, தனியா போடாம இங்கயே கேட்டுக்கறேன். நான் 2023 மே மாசம் கோயம்புத்தூர்ல இருந்து நேரா பிஆர்ல லேண்ட் ஆனேன், அதுக்கப்புறம் ஊருக்கே போகல. 1,095 நாள் முடிஞ்சதும் போடப்போறேன், ஆனா அப்ளை பண்ற தேதில இருந்து நாலு வருஷம் பின்னாடி போனா லேண்டிங்குக்கு முன்னாடி இந்தியால இருந்த பதினோரு பன்னெண்டு மாசம் உள்ள வந்துடுது. அப்ப எனக்கும் பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்) வேணுமா? பாஸ்போர்ட் சேவா போர்ட்டல்ல ஃபில் பண்ணி, இந்திய தூதரகத்துக்காக அப்ளிகேஷன் வாங்கற பிஎல்எஸ் சென்டர்ல குடுக்கணும், அட்ரஸ் வேற மாறிடுச்சு, வெரிஃபிகேஷனுக்கு பழைய வீட்டுக்கு போலீஸ் போனா அங்க யாருமே இல்ல.

கோண்டாவில்_அண்ணா

உங்களுக்கு தேவையில்ல தம்பி. பிஆர் ஆகி லேண்ட் பண்ணுறதுக்கு நேர முந்தி உங்கட சொந்த நாட்டில இருந்த காலம் அந்த நாலு வருசத்துக்குள்ள விழுந்தா, அதுக்கு சேர்டிபிகேட் தரத் தேவையில்ல எண்டு வழிகாட்டியிலேயே இருக்கு, அந்தக் கேள்விக்குரிய விளக்கத்தை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. ஆனா கேள்விக்கு இல்லை எண்டு போடாதேங்கோ, ஓம் எண்டு போட்டு, லேண்டிங்குக்கு முதல் சொந்த நாட்டில இருந்தனான், பிறகு போகேல்ல எண்டு விளக்கம் எழுதுங்கோ. கவனிக்க வேண்டிய ஒண்டு, இந்தச் சலுகை சொந்த நாட்டுக்கு மட்டும்தான். இந்திய பாஸ்போட்டோட துபாயிலயோ சிங்கப்பூரிலயோ வேலை செய்துகொண்டிருந்து அங்க இருந்து நேரா வந்த ஆக்கள் இதுக்குள்ள வரமாட்டினம், அவை அந்த நாட்டு சேர்டிபிகேட்டைத்தான் தேடோணும்.

பிராம்ப்டன்_கோவைக்காரன்

ரொம்ப நன்றிங்கண்ணா. எங்க ஆஃபீஸ்ல ஒருத்தர் தோஹால ஆறு வருஷம் இருந்துட்டு வந்தவர், அவர்கிட்ட இத உடனே சொல்றேன். ஒருவேள எவ்வளவு ட்ரை பண்ணியும் அந்த நாட்டுல குடுக்கலன்னா?

மல்லிகை_எயாக்ஸ்

எடுக்கேலாம போனா ஏன் எண்டு ஒரு விளக்கக் கடிதம் வைக்கலாம். ஆனா சும்மா எடுக்கேலாது எண்டு எழுதினா நம்பமாட்டினம், அனுப்பின ஈமெயில், அவை மறுத்த பதில், கட்டின ரசீது எண்டு முயற்சி செய்ததுக்கு ஏதும் எழுத்தில இருக்கோணும். அதால அவரை இப்பவே விண்ணப்பிச்சு எல்லாத்தையும் சேத்து வைக்கச் சொல்லுங்கோ.

மார்க்கம்_சுதா

அக்கா, அப்பா இப்ப தடி பிடிச்சு முத்தம் வரை நடக்கிறார், கேட்டதுக்கு நன்றி. நான் இண்டைக்கே ஒன்லைனில போடுறன். சேர்டிபிகேட் கைக்கு வந்தாப் பிறகு சிட்டிசன்ஷிப்பை அனுப்பவோ, அல்லது ரெண்டையும் ஒரே நேரத்தில போட்டு பிறகு அனுப்பி வைக்கவோ?

கோண்டாவில்_அண்ணா

கைக்கு வந்தாப் பிறகே அனுப்புங்கோ. குறைவான பேப்பரோட போனா திருப்பி அனுப்பி விடுவாங்கள், பிறகு வரிசையில பின்னுக்கு. உங்களுக்கு நாள் கணக்கு தாராளமா இருக்கு, காத்திருக்கிறதால ஒரு நட்டமும் இல்ல. கனடாவில இருந்த நாளைக் கணக்குப் பாக்கிற ஒன்லைன் கால்குலேட்டரில ஊருக்கு போன நாளையும் திரும்பி வந்த நாளையும் கனடாவில இருந்த நாளாத்தான் எடுக்கும், பாஸ்போட் முத்திரையைப் பாத்து சரியா போடுங்கோ. இன்னொண்டு, சேர்டிபிகேட் எடுத்த பிறகு அப்பாவைப் பாக்க திருப்பி ஓடிப்போய் கனகாலம் நிண்டிடாதேங்கோ, அங்க இருந்து கடைசியா வெளிக்கிட்ட திகதிக்குப் பிறகு எடுத்ததா இருந்தாத்தான் பேச்சில்லாம எடுபடும்.