ஏஸ் காம்பாட் 7: விமர்சகர்கள் 80 கொடுத்த ஆட்டத்தை ஆடியவர்கள் ஏன் திட்டுகிறார்கள்?

புதுவிமானி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ‘ஏஸ் காம்பாட் 7: ஸ்கைஸ் அன்நோன்’ என்ற போர் விமான வீடியோ கேம் ஸ்டீமில் நல்ல தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. 2019 ஜனவரியில் வந்தபோது பெரிய தளங்கள் எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கின்றன. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் பிஎஸ்4 பதிப்புக்கு 80-ஐ ஒட்டித்தான் மதிப்பெண். ஆனால் அதே விமர்சனங்களை உள்ளே போய்ப் படித்தால் ‘கதை தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை’, ‘செக்பாயின்ட் (தோற்றால் திரும்பத் தொடங்கும் இடம்) ரொம்பத் தள்ளி இருக்கிறது’, ‘திடீரென்று கஷ்டமாகிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆடியவர்களின் கருத்துகளைப் பார்த்தால் ஒருவர் வாழ்க்கையிலேயே இதுதான் சிறந்த ஆட்டம் என்கிறார், அடுத்தவர் எட்டாவது மிஷனோடு அழித்துவிட்டேன் என்கிறார்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு விமானம் ஓட்டும் ஆசையில் நிஜம் போலவே இருக்கும் ஒரு சிமுலேட்டர் வாங்கினேன். என்ஜினைக் கிளப்புவதற்கே ஒரு மாலை முழுக்கப் போனது, ஓடுதளத்தை விட்டு ஒழுங்காக மேலே ஏறவே இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். ஆசை மட்டும் போகவில்லை. ஜாய்ஸ்டிக் கிடையாது, சாதாரண கன்ட்ரோலர்தான். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதனால்தான் அந்த செக்பாயின்ட் புகார் என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது. அரை மணி நேரம் ஆடிவிட்டுத் தோற்றுப் பழைய இடத்துக்கே திரும்பப் போவதென்றால் எனக்குக் கட்டாது. முந்தைய பாகங்கள் எதையும் நான் ஆடியதில்லை, அதுவும் தடையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஓடுதளம் எழுதியது:

வாங்குங்கள் தம்பி. பிஎஸ்2-வில் ‘ஏஸ் காம்பாட் 04’ வந்த 2001-லிருந்து இந்த வரிசையை ஆடுகிறேன், உங்கள் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். இது சிமுலேட்டர் இல்லை. பெரும்பாலான மிஷன்களில் ஏற்கெனவே வானத்தில் இருப்பீர்கள். நிஜ எஃப்-16 விரல் விட்டு எண்ணும் அளவு ஏவுகணைகளோடு புறப்படும், இங்கே உங்கள் எஃப்-16 பத்துக்கணக்கில் சுமந்துகொண்டு பறக்கும். இலக்கு பச்சையிலிருந்து சிவப்பாக மாறியதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒன்றே ஒன்று செய்யுங்கள்: கட்டுப்பாட்டில் ‘ஸ்டாண்டர்ட்’, ‘எக்ஸ்பர்ட்’ என்று இரண்டு இருக்கும், பெயரைப் பார்த்துத் தயங்காமல் எக்ஸ்பர்ட் எடுங்கள். ஸ்டாண்டர்டில் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் கார் போல விமானம் திரும்பும். எக்ஸ்பர்டில் விமானம் உருண்டு சாயும், பிறகு மூக்கைத் தூக்கித் திருப்ப வேண்டும். முதல் பத்து நிமிஷம் தடுமாறும், அப்புறம் கை தானாகப் பழகிவிடும். எதிரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வளைவதில் இருக்கிற சுகம் அதில்தான் இருக்கிறது.

விமர்சனங்களைப் பற்றி. அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பல பேர் மேகத்தை வெறும் அழகாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். ‘மேகங்கள் கண்ணைப் பறிக்கின்றன’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருப்பார்கள். முந்தைய பாகங்களில் மேகம் என்பது திரைச்சீலை. இதில்தான் முதல் முறையாக அது சண்டையின் ஒரு பகுதியாக ஆனது. ஏவுகணை துரத்துகிறது என்று வையுங்கள், எச்சரிக்கைச் சத்தம் வேகமாகிக்கொண்டே வருகிறது, பக்கத்தில் ஒரு பெரிய மேகம். உள்ளே பாய்ந்தால் ஏவுகணையின் குறி குலையும். ஆனால் உங்களுக்கும் எதிரியைக் குறிவைப்பது கஷ்டமாகும். விதானக் கண்ணாடியில் நீர்த்துளிகள் பின்னோக்கி ஓடும், கொஞ்சம் கூடுதலாக உள்ளே இருந்தால் ஓரத்திலிருந்து பனி படரும், விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது. எப்போது நுழைவது, எத்தனை விநாடி இருப்பது, எந்தப் பக்கம் வெளியே வருவது என்று ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வரிசையின் ஆணிவேரையே மாற்றிய விஷயம் இது. ஆட்டத்தை உருவாக்கிய கஸுடோகி கோனோவும் அவருடைய ப்ராஜெக்ட் ஏசஸ் குழுவும் 2007-க்குப் பிறகு இந்த வரிசையின் சொந்தக் கற்பனை உலகத்தில் எண் போட்ட ஒரு பாகத்தைக் கொண்டுவர 12 வருடம் ஆனது. நடுவில் 2011-ல் வந்த ‘அசால்ட் ஹொரைசன்’ நிஜ உலக நகரங்களுக்குப் போய், எதிரியின் பின்னால் விமானத்தைத் தானாகவே ஒட்டவைக்கும் ஒரு முறையைப் புகுத்தி, எங்களைப் போன்ற பழைய ஆட்களின் மனசை உடைத்துவிட்டது. அந்த ஆறாத காயம் இருந்ததால்தான் 7-ஐ நாங்கள் அப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஆடியவர்களின் கருத்தைப் படிக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய பாகம் ஆடியிருக்க வேண்டியதில்லை. ஒசியா, எரூசியா என்று இரண்டு நாடுகள், நடுவில் ஒரு விண்வெளி லிஃப்ட், ஆளில்லா விமானங்கள், இது போதும். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பீரங்கிகள் வரும் இடத்தில் 04 ஆடியவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும், உங்களுக்கு அது ஒரு நல்ல மிஷனாக இருக்கும்.

மணற்புயல் எழுதியது:

ஓடுதளம் அண்ணா சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் புகார்களை ரொம்ப லேசாகத் தாண்டிப் போய்விட்டார். கேட்டவருக்கு இரவில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அவருக்கு இதுதான் முக்கியம்.

எட்டாவது மிஷன் பற்றிச் சொல்கிறேன், என் பெயருக்கே காரணம் அதுதான். பாலைவனத்தில் எண்ணெய்க் கட்டமைப்புகளை அழிக்க வேண்டும், மணற்புயல் எழும்பி வருகிறது. முதல் பகுதி சரி, நன்றாகவே இருக்கும். பிறகு எண்ணெய் லாரிகள் புயலுக்குள் தப்பி ஓடத் தொடங்கும், நேரம் முடிவதற்குள் அத்தனையையும் தேடிப் பிடித்து அழிக்க வேண்டும். திரை முழுக்கக் காவி நிறம். லாரி எங்கே என்று நன்றாகப் பக்கத்தில் போனால்தான் தெரியும். அதைப் பார்த்த நொடியில் நீங்கள் அதன் தலைக்கு மேலே கடந்துவிட்டிருப்பீர்கள், மறுபடி ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பி வர வேண்டும், கடிகாரம் நிற்காது. நான் கடைசி ஒரு லாரியை விட்டுத் தோற்றது நான்கு முறை. அங்கே நான் கெட்டிக்காரனா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை, எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் ஆனவுடன் ஜெயித்துவிட்டேன். வானில் சண்டை போட வந்தவனைத் தரையில் தேட வைத்து, தேடுவதற்கும் கெடு வைத்தால் கோபம் வராதா? ஆறாவது மிஷனும் பதினொன்றாவதும் நேரத்துக்குள் இத்தனை புள்ளி எடு என்கிற ரகம்தான், ஆனால் அங்கே இலக்குகள் கண்ணுக்குத் தெரியும், அதனால் நியாயமாகப் படும். பதின்மூன்றாவதில் பனிமலையில் ஏவுதளங்களை அழித்துக் களைத்த பிறகு கிளம்பிவிட்ட ஏவுகணைகளைத் துரத்தச் சொல்வார்கள், அங்கேயும் விட்டால் தோல்விதான்.

ஆகவே செக்பாயின்ட் புகார் நூற்றுக்கு நூறு உண்மை, விமர்சகர்கள் பெரிதுபடுத்தவில்லை. புதியவருக்கு என் யோசனை: ஈஸியில் தொடங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மிஷனுக்கு முன் வரும் விளக்கத்தைத் தாண்டாமல் பாருங்கள், தரை இலக்கு அதிகம் என்று தெரிந்தால் பல தரை இலக்குகளை ஒரே நேரத்தில் குறிவைக்கும் ஏவுகணை உள்ள விமானத்தை எடுங்கள். எட்டாவதில் அது பாதி வேலையை முடித்துவிடும். நான் சும்மா பிடித்த விமானத்தையே எல்லாவற்றுக்கும் எடுத்துப்போய்த்தான் அவதிப்பட்டேன். ஆட்டம் இதை உங்களுக்குத் தெளிவாகச் சொல்லாது, அதுவும் ஒரு குறைதான்.

கதை பற்றி ஒரு வார்த்தை. எழுதியவர் சுனாவோ கதபுச்சி, 04-க்கும் 5-க்கும் எழுதியவரும் அவர்தான், கதை மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். செய்யாத குற்றத்துக்காகத் தண்டனைப் படையில் தள்ளப்பட்ட விமானி, வால் பகுதியில் மூன்று கோடுகள், அந்தப் படையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ரேடியோவில் திட்டிக்கொள்வது எல்லாம் அருமை. சிக்கல் என்னவென்றால் முக்கியமான பேச்சு எல்லாம் சண்டை உச்சத்தில் இருக்கும்போதுதான் வரும். இரண்டு விமானம் பின்னால், ஏவுகணைச் சத்தம், அந்த நேரத்தில் திரையில் எழுத்து வேறு ஓடும். படிப்பதா பிழைப்பதா? ‘கதை புரியவில்லை’ என்று விமர்சகர்கள் எழுதியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. நான் இரண்டாவது முறை ஆடியபோதுதான் பாதி விஷயம் பிடிபட்டது. குறிப்பாக செயற்கைக்கோள்கள் உடைந்து தகவல் தொடர்பே அற்றுப்போன பிறகு, எதிரில் வருவது நம் ஆளா எதிரியா என்று ரேடாருக்கே தெரியாமல் போகும் இடம். முதல் முறை அது எரிச்சலாக இருந்தது, இரண்டாவது முறை அதுதான் மொத்தக் கதையின் மையம் என்று பட்டது.

வால்காற்று எழுதியது:

ஸ்டீமில் வாங்குகிறவர் என்பதால் இதைச் சேர்க்கிறேன். பிசி பதிப்பு 2019 பிப்ரவரி 1 அன்று வந்தது, வந்த புதிதில் அங்கே கிளம்பிய கோபத்தில் பெரும் பங்கு ஆட்டத்தைப் பற்றியதே அல்ல. விமானம் ஓட்டும் குச்சிகளில் (ஜாய்ஸ்டிக்) விரல் விட்டு எண்ணும் சிலவற்றைத்தான் ஆட்டம் ஏற்றுக்கொண்டது, வருடக்கணக்காக நல்ல குச்சி வைத்திருந்தவர்கள் அதை ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று. தலையில் மாட்டும் கண்ணாடி வழியே ஆடும் விஆர் மிஷன்கள் மூன்றும் பிஎஸ்4-க்கு மட்டும். அவை ரொம்பக் குறைவு, ஆனால் ஆடியவர்கள் எல்லோரும் வியந்து பேசினார்கள். உங்களிடம் கன்ட்ரோலர் மட்டும்தான் என்பதால் இந்தப் புகார்களை நீங்கள் அப்படியே தள்ளிவிடலாம். ஆன்லைன் ஆட்டம் மெலிவுதான், எட்டுப் பேர் வரை மோதலாம், அதற்காக வாங்காதீர்கள்.

இதோடு ‘ப்ராஜெக்ட் விங்மேன்’ பக்கமும் ஒரு கண் வையுங்கள். 2020 டிசம்பரில் வந்தது, கிக்ஸ்டார்டரில் ரசிகர்களிடம் பணம் திரட்டி ஒரு சின்னக் குழு செய்த ஆட்டம். ஏஸ் காம்பாட் மேல் இருக்கும் பிரியத்தில் செய்தது என்று முதல் நிமிஷத்திலேயே தெரியும். பிசியில் முழுக் கதையையும் விஆரில் ஆடலாம், குச்சிகள் பலவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள், ஒரு விமானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சிறப்பு ஆயுதங்களைத் தூக்கிக்கொண்டு போகலாம். பெரிய நிறுவனத்திடம் எங்களுக்குக் கிடைக்காத மூன்று விஷயங்கள் ஒரு சின்னக் குழுவிடமிருந்து வந்தன. ஆனால் மேகம் 7 அளவுக்கு இல்லை, கதைக்காட்சிகளும் இல்லை, எதிரிகள் திரள்திரளாக வருவார்கள். கெய்கி கோபயாஷி 7-க்குப் போட்ட இசைக்கு ஈடு சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. முதலில் 7, பிடித்தால் அது. இந்த வரிசையில் போனால் இரண்டும் இனிக்கும்.

இன்னொன்று, 7-ல் சுகோய் 30 எஸ்எம் வருகிறது. நம் விமானப்படையின் 30 எம்கேஐ-யிலிருந்து ரஷ்யா தனக்காக உருவாக்கிக்கொண்டது அது. எனக்கு அதை ஓட்டும்போது தனி சந்தோஷம்.

புதுவிமானி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன், ஒரு வாரமாக ஆடுகிறேன். ஈஸி, எக்ஸ்பர்ட் கட்டுப்பாடு. மணற்புயல் சொன்ன மாதிரி விளக்கத்தைத் தாண்டாமல் பார்க்கிறேன்.

நேற்று ஏழாவது மிஷன். இடியும் மின்னலுமாகக் கறுத்த மேகம், கீழே பாறைத் தூண்கள், நான் ஒரு எதிரியைப் பிடிக்க மேகத்துக்குள் போய்விட்டேன். பளீரென்று ஒரு வெள்ளை, அடுத்த கணம் திரையில் இருந்த எண்களும் குறியும் எல்லாம் சிதறிப்போய்விட்டன. மின்னல் என் விமானத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்றே தெரியவில்லை. குச்சியை விட்டுவிடலாமா என்று தோன்றியது. கண்ணாடியில் ஓடும் துளிகளை மட்டும் பார்த்து மூக்கை மெதுவாகத் தூக்கினேன், வெளியே வந்தபோது பாறை எனக்குப் பக்கத்தில் சுவர் மாதிரி நின்றது. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரே ஒரு விமானம், மற்றவை எதையும் போல இல்லாமல் பறந்து வந்தது. ஓடுதளம் அண்ணா, நீங்கள் மேகத்தைப் பற்றி எழுதியதை அப்போதுதான் உண்மையில் புரிந்துகொண்டேன்.

ஆனால் அந்த மிஷனில் இரண்டு முறை தோற்றேன், இரண்டாவது முறை நிஜமாகவே கை சோர்ந்துவிட்டது. ஒரு மணி நேரமும் அதிலேயே போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று இரவு எட்டாவது. தரை இலக்கு ஏவுகணை உள்ள விமானம் வாங்கக் கையில் இருக்கும் புள்ளிகள் போதவில்லை, தரைத் தாக்குதலுக்கான ஏ-10 விமானத்தின் பக்கம் போகவா அல்லது பழைய மிஷனை ஒரு முறை திரும்ப ஆடிச் சேர்க்கவா?

மணற்புயல் எழுதியது:

ஆறாவதைத் திரும்ப ஆடுங்கள், புள்ளி சீக்கிரம் சேரும். பிறகு ஏ-10. வேகம் குறைவு என்று பயப்படாதீர்கள், லாரியின் தலைக்கு மேல் கடந்து போகாமல் இருக்க அந்த மெதுவான வேகம்தான் உதவும். முடித்ததும் இங்கே வந்து சொல்லுங்கள்.