நாடாளுமன்றத்தில் எங்கள் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்க வைத்தால் பலன் இருக்குமா?

தாமிரபரணிக்காரி எழுதியது:

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எந்த ஊர், எந்த நகராட்சி என்று இங்கே எழுதவில்லை. வீட்டுக்காரர் வேலை பார்க்கும் இடம் அப்படி, தேவையில்லாத வம்பு.

விஷயம் தண்ணீர்தான். ஜூலையிலிருந்தே சரியில்லை. சில நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து மூன்று மணிக்கு நின்றுவிடும். சில நாள் அதுவும் கிடையாது. தைப்பூசத்தன்று பால்குடம் கழுவக்கூட குழாயில் சொட்டு இல்லை, எதிர்வீட்டு ஜூலு அம்மா இரண்டு கேன் கொடுத்து உதவினார். டேங்கர் லாரி வந்தால் கோயில் முக்கில் நிற்கும், விடியற்காலை ஐந்தரைக்கு. மாமியாருக்கு 71 வயது, அவரும் வாளியோடு வரிசையில் நிற்கிறார்.

புகார் கொடுக்காமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு எண் அனுப்புகிறார்கள். இதுவரை 22 எண் சேர்ந்திருக்கிறது. குழாய் காய்ந்து கிடக்கும்போதே "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று செய்தி வரும். அதைப் படிக்கும்போதுதான் அதிகம் எரிச்சல்.

போன வாரம் கோயிலில் ஒருவர், ஒரு கட்சி அலுவலகத்தில் உதவிக்கு இருப்பவராம், "கேள்வியாக எழுதிக் கொடுங்கள், எங்கள் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் கேட்பார், அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும்" என்றார். எங்கள் ஊரில் என்றால் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்போம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். இங்கே நமக்கு எம்.பி. யார் என்று தேடினாலே கிடைக்கவில்லை.

நான் எழுதி வைத்திருப்பது இது: "எங்கள் ஊரில் ஏன் தண்ணீர் வருவதில்லை? அமைச்சர் எப்போது நடவடிக்கை எடுப்பார்?" இது போதுமா? இல்லை, நேரம்தான் வீணா?

ஜோசி பையன் எழுதியது:

அக்கா, 2500 லிட்டர் ஜோஜோ டேங்க் ஒன்று வாங்கி வையுங்கள். அமைச்சர் பதிலைவிட அது சீக்கிரம் வரும்.

பழைய எழுத்தர் எழுதியது:

தம்பி சொல்வதில் தப்பில்லை, டேங்கையும் வாங்கு. ஆனால் கேள்வியை விட்டுவிடாதே, தங்கச்சி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நட்டாலில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் ஆயாவிடமும் சாயங்காலப் பள்ளிக்கூடத்திலும் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஓய்வு பெறுவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் நான் எழுதிக் கொடுத்தவை. கட்சி எது என்பது இங்கே வேண்டாம்.

உன் எம்.பி.யைத் தேடிக் கிடைக்கவில்லை என்கிறாய். கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லை. இங்கே நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சபையின் 400 இடங்களும் விகிதாசார முறையில், அதாவது வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப, நிரப்பப்படுகின்றன. உன் ஊருக்கு என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சிகள்தான் தங்கள் ஆட்களுக்குப் பகுதி பிரித்துக் கொடுத்து அலுவலகம் திறந்து வைக்கின்றன. அதனால் நீ எந்தக் கட்சிக்காரரிடமும் போகலாம். ஒருவர் கையை விரித்தால் அடுத்த கதவு.

இப்போது உன் கேள்வி. அதை அப்படியே அனுப்பினால் வரப்போகும் பதிலை நானே எழுதித் தருகிறேன்: "குடிநீர் வழங்குவது நகராட்சியின் பொறுப்பு. பணிகள் நடைபெற்று வருவதாக நகராட்சி தெரிவித்துள்ளது." அவ்வளவுதான். அமைச்சர் பொய் சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 4ஆம் அட்டவணை, பி பிரிவு, வீட்டுக் குடிநீரை நகராட்சியிடம்தான் கொடுத்திருக்கிறது. "ஏன் வரவில்லை" என்று கேட்டால் நீயே அவருக்கு வெளியே போக வாசலைத் திறந்து விடுகிறாய். "எப்போது நடவடிக்கை" என்று கேட்டால் "விரைவில்" என்பார்.

அவருடைய வேலை எதுவோ அதைப் பற்றிக் கேள். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இதுதான், அதற்கே எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

1997ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சேவைச் சட்டத்தை எடு. அதன் 9ஆம் பிரிவின்படி நாடு முழுவதற்குமான கட்டாயத் தரத்தை வகுக்கிறவர் தண்ணீர்த் துறை அமைச்சர். 62ஆம் பிரிவு, தண்ணீர் வழங்கும் ஒவ்வொரு அமைப்பின் செயல்பாட்டையும் அவர் கண்காணிக்கவேண்டும் என்கிறது. விரும்பினால் என்று இல்லை, வேண்டும் என்றுதான் இருக்கிறது. நகராட்சி தன் கடமையைச் செய்யாவிட்டால் தலையிட வழி 63இல் இருக்கிறது. இது மூன்றும் நகராட்சித் தலையில் கட்ட முடியாத விஷயம்.

அந்தத் தரம் என்ன என்று தெரியுமா? 2001இல் வெளியான விதிகளில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர், அல்லது குடும்பத்துக்கு மாதம் 6000 லிட்டர், 200 மீட்டருக்குள். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த வரியைப் படி: எந்த நுகர்வோரும் ஒரு வருஷத்தில் ஏழு முழு நாட்களுக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருக்கக்கூடாது. அப்புறம் இன்னொன்று, 24 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் ஆளுக்குக் குறைந்தது 10 லிட்டராவது வேறு வழியில் கொடுக்கவேண்டும். உன் கோயில் முக்கில் நிற்கிற லாரி கருணையால் வருவதல்ல.

ஆகவே எனக்கு முதலில் வேண்டியது தேதி. எத்தனை முழு நாள்? ராத்திரி மூன்று மணி நேரம் வந்த நாளை எண்ணாதே, அதை வைத்தே மொத்தத்தையும் உடைத்துவிடுவார்கள்.

நிதியாண்டையும் பார்த்துக்கொள். நகராட்சிக்கு ஜூலை 1இல் தொடங்கும், தேசிய அரசுக்கு ஏப்ரல் 1இல். "போன வருஷம்" என்று எழுதினால் அவர்களுக்கு எது வசதியோ அந்த வருஷத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை நான் இதில் கோட்டைவிட்டு என் உறுப்பினரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பணத்தைப் பற்றிக் கேட்பதானால் எந்த அமைச்சர் என்று தெரியவேண்டும். பெருநகரங்களுக்குப் போகும் நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு மானியம் மனிதக் குடியிருப்புத் துறையிடம். சிறிய நகராட்சிகளுக்கான உட்கட்டமைப்பு மானியம் கூட்டுறவு ஆளுகை, பாரம்பரிய விவகாரத் துறையிடம், இங்கே எல்லோரும் கோக்டா என்பார்களே, அது. தண்ணீர்த் துறை நேரடியாகக் கொடுக்கும் மானியங்கள் தனி. தப்பான அமைச்சரிடம் கேட்டால் "இது என் துறை அல்ல" என்று ஒரே வரி வரும்.

வாய்மொழியாகக் கேட்கச் சொல்லாதே. அது தொலைக்காட்சிக்கு நன்றாக இருக்கும். துணைக்கேள்வி நான்கு உண்டு, அதை மற்ற கட்சிக்காரர்களும் எழுந்து கேட்டு எங்கேயோ கொண்டுபோய்விடுவார்கள். எழுத்து மூலம் கேட்கச் சொல். பத்து வேலை நாளில் பதில் வரவேண்டும் என்பது விதி. தாமதமாகும், ஆனால் அமைச்சர் பெயரில் ஒரு தாள் வரும். அது பதிவில் நிற்கும், பத்திரிகைக்குக் கொடுக்கலாம், நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம்.

எங்கள் அப்பாவுக்கு ஓட்டு கிடையாது, அந்தக் காலத்தில் நம்மவர் யாருக்கும் கிடையாது. ஆனாலும் நிறவெறி ஆட்சியை எதிர்த்த எம்.பி. ஹெலன் சுஸ்மன் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்களைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். 1961 முதல் 1974 வரை அந்த அம்மா அவர் கட்சிக்குச் சபையில் ஒற்றை ஆள். உங்கள் கேள்விகள் வெளிநாட்டில் நம் மானத்தை வாங்குகின்றன என்று ஓர் அமைச்சர் சீறியபோது, வாங்குவது என் கேள்விகள் அல்ல, உங்கள் பதில்கள் என்றார். கூட்டத்தில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விட்டது, அந்தப் பதில்களில் வந்த எண்கள் டப்பாவில் இருக்கின்றன என்பார் அப்பா.

சரி, நீளமாகிவிட்டது. நாட்களை எண்ணிக்கொண்டு வா.

ஜோசி பையன் எழுதியது:

தாத்தா, நீங்கள் இவ்வளவு எழுதிய பிறகு நான் டேங்க் விற்பவன் மாதிரி ஆகிவிட்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நம்பிக்கை குறைவு. எழுத்து மூலப் பதில்களில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று முடித்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இணைப்பைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அக்கா, கேள்வியை அனுப்புவதற்கு முன் நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழுவின் தளத்தைப் பாருங்கள், பி.எம்.ஜி. என்பார்கள். அமைச்சர்கள் கொடுத்த பதில்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். உங்கள் நகராட்சி பெயரைப் போட்டுத் தேடுங்கள். வேறு யாராவது ஏற்கெனவே கேட்டிருந்தால் அந்தப் பதிலிலிருந்து மேலே போகலாம், அதையே திரும்பக் கேட்கவேண்டாம்.

2023 டிசம்பரில் வந்த 'புளூ டிராப்', 'நோ டிராப்' அறிக்கைகளில் உங்கள் நகராட்சி எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். முதலாவது குடிநீரின் தரம், இரண்டாவது கசிவும் இழப்பும். அந்த 2023 கணக்குப்படி நாடு முழுவதும் குழாயில் விட்ட தண்ணீரில் சுமார் 47 சதவீதத்துக்கு வருமானமே இல்லை. 2014க்குப் பிறகு பல வருஷம் இந்த அறிக்கை வராமலே இருந்தது. யாரும் கேட்காவிட்டால் அப்படித்தான்.

தகவல் கேட்கும் சட்டமும் இருக்கிறது, 2000ஆம் ஆண்டுச் சட்டம், 30 நாள் கெடு. நகராட்சியின் குழாய்ப் பழுதுப் பதிவேட்டை அதில் கேட்கலாம். கேள்வி ஒரு பக்கம் போகட்டும், இது ஒரு பக்கம் போகட்டும்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாக வாசித்தேன். டப்பா கதை வந்ததும் மாமியார் எழுந்துபோய் காலண்டரை எடுத்து வந்தார். தினமும் கிழிக்கிற காலண்டர், அம்மா ஊரிலிருந்து அனுப்புவது. தண்ணீர் வராத நாளின் தாளில் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். கிழித்ததையெல்லாம் அவர் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்! பழைய காலண்டர், புதுக் காலண்டர் இரண்டின் தாளும் இருக்கின்றன.

ஜூலை 1 முதல் பிப்ரவரி கடைசி வரை வட்டம் 41. ராத்திரி கொஞ்சம் வந்த நாட்களைக் கழித்தால் 26. முதலில் ஏமாற்றமாக இருந்தது, அப்புறம் 7 என்ற விதி ஞாபகம் வந்தது.

பி.எம்.ஜி. தளத்தில் தேடினேன். எங்கள் நகராட்சி பற்றி ஒரு பதில் இருக்கிறது, கழிவுநீர் பற்றி. இந்த ஏழு நாள் விதியை வைத்து யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது இப்படி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் மாற்றுவதை அந்தக் கட்சி அலுவலகத்துக்காரர் பார்த்துக்கொள்வாராம்.

"தண்ணீர், துப்புரவு அமைச்சரிடம்: (1) ஜூலை 1 முதல் பிப்ரவரி 28 வரை இன்ன நகராட்சியின் இன்ன வார்டில் ஏழு முழு நாட்களுக்கு மேல் குடிநீர் நின்றது அவருடைய துறைக்குத் தெரியுமா? (2) 62ஆம் பிரிவின்படி அந்த நகராட்சியை அவர் ஏன் சரியாகக் கண்காணிக்கவில்லை? (3) 63ஆம் பிரிவின்படி தலையிடுவாரா? (4) மக்கள் படும் இந்தக் கொடுமைக்கு யார் பொறுப்பு?"

பழைய எழுத்தர் எழுதியது:

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல். அந்தத் தாள்களை இன்றைக்கே ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வை.

(1) நன்றாக இருக்கிறது. "தெரியுமா" என்பதோடு நிறுத்தாதே. "தெரியும் எனில், எந்தெந்தத் தேதிகளில், எத்தனை வீடுகளில்" என்று சேர். (3)இன் வாலில் சபையின் வழக்கமான வாசகத்தைப் போடு: "இல்லையெனில், ஏன் இல்லை, ஆம் எனில், அதன் விவரங்கள் என்ன?" அதைப் பார்த்தால் அனுப்பியவருக்கு வேலை தெரியும் என்று, கேள்விகளைச் சரிபார்க்கும் நாடாளுமன்றக் கேள்வி அலுவலகத்துக்குப் புரியும்.

(4)ஐ எடுத்துவிடு. அது கேள்வி இல்லை, கோபம். கேள்வியில் கருத்து இருந்தால் அந்த அலுவலகமே வெட்டிவிடும், வெட்டும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து வெட்டும். கோபத்தை உறுப்பினரிடம் நேரில் சொல், அவருக்கும் தெரியட்டும்.

(2)இல் "ஏன் சரியாகக் கண்காணிக்கவில்லை" வேண்டாம். "நாங்கள் சரியாகத்தான் கண்காணிக்கிறோம்" என்று வரும். இப்படி மாற்று: "62ஆம் பிரிவின்படி அவருடைய துறை அந்த நகராட்சியைக் கடைசியாக ஆய்வு செய்தது எந்தத் தேதியில், செய்தவரின் பதவி என்ன, அந்த அறிக்கையின் நகல் கிடைக்குமா?"