ஈஜிஆர் வால்வு (எஞ்சின் பொகையில கொஞ்சத்தத் திரும்ப உள்ளயே விடுத வால்வு) படுத்துன பாடு: உங்க அனுபவத்தையும் போடுங்க

பாளை டீசல்:
2018 மாடல், பிஎஸ்4 டீசல். வள்ளியூர்ல வளைகாப்பு, ஆச்சிய முன்சீட்ல உக்கார வச்சிட்டு கெளம்பியாச்சு. நாங்குநேரி டோல்ல நின்னு எடுக்கேன், ஐடில்ல வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, எஞ்சின் லைட்டு எரியுது, எவ்வளவு மிதிச்சாலும் நகரல, கண்ணாடில பாத்தா பின்னால ஒரே கரும்புகை. ஆச்சிக்கு ஆஸ்துமா. "ஏல, எனக்கு ராத்திரி இழுக்கும்லா, அதே மாதிரிதாம்ல இதுக்கும் இழுக்கு"ங்கா. சும்மா கெடன்னு சத்தம் போட்டுட்டேன். ஏன்னா 3 வாரம் முன்னாலதான் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல இன்ஜெக்டர் க்ளீனிங்னு 14,000 ரூவா அழுதிருந்தேன்.

வள்ளியூர் மெக்கானிக் ஸ்கேனர் போட்டாரு, பி0402ன்னு கோடு, ஈஜிஆர் வழியா பொகை அளவுக்கு மேல உள்ள போகுதுன்னு அர்த்தம். வால்வக் கழத்தி கையில குடுத்தாரு, உள்ள கருப்பட்டிப் பாகு காய்ஞ்ச மாதிரி கரி அப்பிக் கெடக்கு, மூட வேண்டியது பாதி தொறந்தபடியே மாட்டிக்கிட்டு. ஐடில்லயும் பொகையே திரும்ப உள்ள போனா காத்துக்கு எடம் ஏது. ஆச்சி எட்டிப் பாத்துட்டு "அடப்பாவி, இவ்வளவு சளியால"ன்னா. சுரண்டிக் கழுவி, புது கேஸ்கட் போட்டு 1,200 ரூவாதான் ஆச்சு.

முக்கூடல்காரன்:
இதுக்கா இவ்வளவு? ஒரு தகடு வெட்டி அடைச்சிட்டேன், 3 வருசம் ஓடுது. லைட்டு எரியும், அதுமேல கருப்பு டேப் ஒட்டியாச்சு.

அம்பை அண்ணாச்சி:
டேப் ஒட்டுத ஆளுகிட்ட என்னத்தப் பேச. கொஞ்சம் பொகைய உள்ள விட்டா எரியுத சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு கொறையும், அதுக்குத்தான் வே அந்த வால்வே. அடைக்கது சட்டப்படியும் தப்பு.

என் கதை சின்னது. பி0401 வந்துது, அதாவது ஈஜிஆர் வழியா பொகை பத்தாமப் போகுதுன்னு, புது வால்வு மாட்டுனேன், மறுவாரம் அதே கோடு. கடைசில பாத்தா வால்வுல ஒண்ணுமில்ல, மேனிஃபோல்டுக்கு, அதான் எஞ்சினுக்குக் காத்து போற குழாய்க்கு, போற வழி அடைச்சிருந்துது. வாக்கம் வால்வா (காத்த உறிஞ்சித் தொறக்குத வகை) இருந்தா ஐடில்ல கைப்பம்பு வச்சி இழுத்துப் பாருங்க, எஞ்சின் தடுமாறணும், இல்ல நின்னுரணும். வால்வு அசைஞ்சும் எஞ்சின் அசையலன்னா அடைப்புன்னு அர்த்தம். மோட்டார் வச்ச வால்வுன்னா ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பாதீய, உள்ள பல்லு போயிரும். கார்ப் க்ளீனர் மோட்டார் பக்கம் இறங்கவும் விடாதீய. திருநெல்வேலிக்குள்ளயே ஜங்ஷனுக்கும் வண்ணாரப்பேட்டைக்குமே உருட்டுனா எஞ்சின் சூடாவவே செய்யாது, கரி படியத்தான் செய்யும். வாரம் ஒருக்க நாலுவழிச் சாலைல ஏத்தி அரைமணி நேரம் கியரப் பிடிச்சு ஓட்டுங்க. அப்புறம் உள்ள போற காத்த அளக்குத மாஃப் சென்சாரையும் ஒருக்க பாத்துக்கிடுங்க, அப்புறம்

தென்காசி லோடு:
அண்ணாச்சி, பாதில நின்னுட்டு. கரும்புகைன்ன உடனே ஈஜிஆர் மேலயே பழி போடக்கூடாது. ஆலங்குளம் தாண்டி எனக்கும் இதே பொகை, இதே இழுக்காமை, நானும் வால்வு மாத்துனேன், பைசா பிரயோஜனமில்ல. டர்போ காத்தக் குளுத்துத இன்டர்கூலர் ஓஸுக்கு அடியில கைய விட்டுப் பாத்தாரு மெக்கானிக், கை முழுக்க எண்ணெ. கீழ்ப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிசல். மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. பழைய வால்வு இன்னும் டிக்கிலதான் உருளுது.

முக்கூடல்காரன்:
சட்டம் பேசுதவரு வண்டிக்கு பொகை சர்டிபிகேட் இருக்கா?

பாளை டீசல்:
ஏ, சண்டைய விடுங்க. அந்த ஒர்க்‌ஷாப்ல பில்லக் காட்டிக் கேட்டேன், "இன்ஜெக்டரும் அழுக்காத்தான சார் இருந்துது"ங்கான். ஆச்சி இப்ப வண்டில ஏறுனதும் முதல்ல காதக் குடுத்துக் கேக்கா.