எம்எக்ஸ்-5: பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் கொப்புளிக்கிறது, தேய்த்துப் பூசினால் போதுமா?

வடகரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் வடபகுதியில் வசிக்கிறேன். என்னிடம் 2001ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1998 முதல் 2005 வரை விற்பனையான இரண்டாம் தலைமுறை வண்டி, துணிக்கூரை கொண்டது. இடப்பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் சில் சட்டம் பின்சக்கர வளைவோடு சேரும் மூலையில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கொப்புளித்திருக்கிறது. பெரும்பாலானவை மிளகளவுதான், ஒன்று மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு உப்பி, விரலால் அழுத்தினால் நொறுங்கும் ஓசை தருகிறது. வலப்பக்கம் பார்வைக்குச் சுத்தமாக உள்ளது.

ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்ஓடிக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. அதற்குள் உப்புத்தாளால் தேய்த்து, துருவை மாற்றும் திரவம் தடவி, பட்டி வைத்துச் சமன்செய்து, பிரைமரும் பெயின்டும் அடித்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். எனக்கு வெல்டிங் தெரியாது. இவ்வாறு செய்தால் எவ்வளவு காலம் தாங்கும், அல்லது தொடக்கத்திலேயே வேறு வழியில் போக வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தகட்டுவேலை

வணக்கம். அடியில் ஈரமோ உலராத கரைப்பானோ சிக்கியதால் வரும் கொப்புளம் பெரும்பாலும் தட்டையான பரப்பில் பரவலாக வரும். கீறிப் பார்த்தால் பிரைமரோ பளிச்சென்ற தகடோ தெரியும். அப்படி இருந்தால் உங்கள் திட்டமே போதுமானது. ஆனால் நீங்கள் சொல்லும் மூலையில், நொறுங்கும் ஓசையுடன் வருவது துரு உள்ளிருந்து வெளியே தகட்டைத் தின்றுகொண்டு வந்ததன் அடையாளம் என்றே நான் கருதுகிறேன். கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் அதன் கடைசிக் கட்டம்.

இந்த வண்டியில் அந்த இடம் கெடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. துணிக்கூரையின் அடியோரத்தில் சேரும் மழைநீர், இருபுறமும் சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் உள்ள வடிகுழாய்கள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வெளியேற வேண்டும். இலைச் சருகும் மண்ணும் அக்குழாயை அடைத்தால் நீர் சில் சட்டத்துக்குள்ளோ இருக்கைகளுக்குப் பின்னுள்ள கம்பளத்துக்கோ வழிதேடிப் போகிறது. சில்லின் பின்கோடி பல அடுக்குத் தகடுகளால் ஆனது. அடுக்குகளுக்கிடையில் தங்கிய ஈரம் எளிதில் காய்வதில்லை. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, வெளிப்பக்கமாகச் சக்கர வளைவிலிருந்து அதே மூலையைத் தாக்குகிறது.

முதலில் ஒரு மொண்ணையான திருப்புளியின் முனையால் அந்தப் பெரிய கொப்புளத்தைச் சற்று அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு உறுதியாகத் தாங்கினால் மேற்பரப்புத் துருதான். முனை உள்ளே இறங்கிவிட்டால் பட்டியைப் பற்றிய பேச்சே வேண்டாம். வெளித்தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, உள்ளடுக்கை முதலில் சீர்செய்து, அதன்பின் புதிய வெளித்தகட்டை வெல்டிங் செய்து பொருத்த வேண்டும். இதற்கென அச்சில் அழுத்தி வடிவமைத்த தகடுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டி, அழுகிய உள்ளடுக்கை மூடிவிடும் பட்டறைகளும் உண்டு. வேலை கொடுக்குமுன் இதை வெளிப்படையாகக் கேட்டு, மூடுவதற்குமுன் ஒளிப்படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஈரச்சாலை

மேலே சொன்னதை ஏற்றுக்கொண்டே, செலவைக் கருதி ஒன்று சொல்கிறேன். துளை விழவில்லையென்றால், இந்த ஆண்டு துருவைச் சுரண்டி, எப்பாக்சி பிரைமர் அடித்து, சில்லின் உட்குழிவில் துருத்தடுப்பு மெழுகு பாய்ச்சிவிட்டு, பெரிய வேலையை அடுத்த கோடைக்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை. துளை இருந்தால் அந்தச் சலுகை இல்லை. சில் சட்டம் சுமை தாங்கும் உறுப்பு என்பதால் எம்ஓடி விதிகள் அங்கே பட்டியையோ ஃபைபர் கண்ணாடித் துணியையோ பழுதுபார்த்ததாக ஏற்பதில்லை. ஒட்டுத் தகட்டின் ஓரம் முழுவதும் தொடர்ச்சியாகப் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டி வைத்து மறைத்துத் தேர்ச்சி பெறுவதைப் பற்றி யோசிப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, கூரையில்லாத வண்டிக்கு முதுகெலும்பே அந்தச் சில்தான் என்பதை மட்டுமே.

மூன்றாம் கோட்

பெயின்ட் அடிப்பவன் என்ற முறையில் வேலையின் வரிசையைச் சொல்கிறேன். வெல்டிங், எப்பாக்சி பிரைமர், தேவையான இடத்தில் மிக மெல்லிய பட்டி, மீண்டும் பிரைமர், சில்லின் அடிப்பகுதியில் கல்லடி தாங்கும் சொரசொரப்பான பூச்சு, நிறம், தெளிபூச்சு, இவையெல்லாம் நன்றாக உலர்ந்தபின் கடைசியாக உள்மெழுகு. பட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; ஆகவே வெறும் இரும்பின்மேல் வைப்பதைவிட எப்பாக்சியின்மேல் வைப்பதே பாதுகாப்பானது. மெழுகை முன்னதாகப் பாய்ச்சினால் வெல்டிங் சூட்டில் தீப்பிடிக்கும். அது கசிந்த இடத்தில் பெயின்டும் ஒட்டாமல் மீன்கண் போலக் குழிவிடும்.

வெல்டிங் சூடு தகட்டின் பின்பக்கத்தில் இருந்த பழைய பூச்சையும் எரித்துவிடும் என்பதைப் பலரும் மறக்கிறார்கள். பழுதுபார்த்த இடமே மறுபடியும் முதலில் கொப்புளிப்பதற்கு அதுதான் காரணம். நீண்ட குழாய்முனை கொண்ட தெளிப்பானால் உட்புறமெங்கும் மெழுகு படியவேண்டும். ஆனால் அடியிலுள்ள வடிதுளைகளை அது அடைக்கக் கூடாது.

நீங்களே நிறம் அடிப்பதானால், கடினப்படுத்தி கலந்த டூ-கே பூச்சுகளில் மூச்சுக்குத் தீங்கான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதை மனத்தில் கொள்ளுங்கள். தூசிக்கான முகமூடி அதற்குப் போதாது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லாதவர்கள் அதைத் தொழிற்கூடத்திடம் விட்டுவிடுவதே நல்லது.

வடகரை

அனைவருக்கும் நன்றி. திருப்புளி எவ்விதத் தயக்கமுமின்றி உள்ளே இறங்கிவிட்டது. கூடவே ஈரமான பழுப்புச் செதில்களும் கொட்டின. வெல்டிங்கையும் நிறத்தையும் பட்டறையில் கொடுத்து, வடிகுழாயையும் உள்மெழுகையும் நானே பார்த்துக்கொள்ள முடிவுசெய்திருக்கிறேன். குழாயை எவ்வாறு சோதிப்பது? வலப்பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டுமா?

தகட்டுவேலை

கூரையைப் பாதி மடக்கி, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னாலுள்ள மூலைத் துளையில் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றுங்கள். அது தடையின்றிப் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒழுகினால் குழாய் திறந்திருக்கிறது. தேங்கினால் புல்வெட்டும் கருவிக்கான தடித்த நைலான் நரம்பை விட்டு ஆட்டி அடைப்பை எடுங்கள். கம்பி குழாயைக் கிழிக்கும், அழுத்தக் காற்று அதைக் கழற்றிவிடக்கூடும். ஊற்றிய நீர் கம்பளத்தில் வந்தால் குழாயே கழன்றிருக்கிறது என்று கொள்ளலாம்.

வலப்பக்கத்தை இப்போது வெட்ட வேண்டாம். சில்லின் ரப்பர் மூடி ஒன்றை எடுத்து, கைபேசியோடு இணையும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பின்கோடியைப் பாருங்கள். செதில் குவிந்திருந்தால் இரு பக்கத்தையும் ஒரே முறையில் கொடுத்துவிடுங்கள். பட்டறையிடம் கொடுக்குமுன் இரு கதவுகளின் முன்பின் இடைவெளிகளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில்லை வெட்டும்போது வண்டிக்குச் சரியான முட்டுக் கொடுத்தார்களா என்பது வேலை முடிந்தபின் அந்த அளவில் தெரிந்துவிடும்.