செய்தியறை வேலை போன பிறகு டெல்டாவிலிருந்தே பத்திரிகைத் தொழிலைத் தொடர முடியுமா?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

ஒரு நாளிதழில் 14 ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். பக்கங்களைக் குறைத்தபோது எங்கள் டெஸ்க்கில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். நானும் அதில் ஒருவன். இப்போது நீடாமங்கலம் அருகே சொந்த ஊரில் இருக்கிறேன். பிறர் எழுதியதைத் திருத்தியே பழகிய எனக்கு, 43 வயதில், நிருபர் அட்டையும் இல்லாமல், களத்தில் இறங்கிச் செய்தி சேகரிக்க முடியுமா என்று தயக்கமாக இருக்கிறது. யூடியூப் சேனல் தொடங்கும்படி மைத்துனர் நச்சரிக்கிறார்.

பதில்: பழைய டெஸ்க்

முதலில் வரவேண்டிய பணத்தை வாங்குங்கள். கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கினால் வருவது உங்கள் பணிக்கொடை (கிராஜுவிட்டி). ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று எழுதி வாங்கியிருந்தாலும் அந்த உரிமை போகாது. ஆட்குறைப்பு இழப்பீடு கேட்பதுதான் கடினமாகும்.

பதில்: ஓடம்போக்கி

எனக்கு 2020இல் வேலை போனது. இரண்டு ஆண்டுகள் கண்டதையும் எழுதி எதுவும் நிலைக்கவில்லை. 2023 பிப்ரவரியில், சம்பா அறுவடை நேரத்தில் மழை கொட்டியபோது, எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் போய் உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதக் கருவியில் போட்டு, ஈரப்பதம் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டியதும் பட்டியல் எழுத்தர் தலையை அசைத்துவிடுவார். நெல் கொண்டுவந்த விவசாயி மூட்டைகளைப் பிரித்து மறுபடி தார்ச்சாலையில் கொட்டிக் காயவைப்பார். பிறகு ஒன்றிய அரசு வரம்பை 20 சதவீதமாகத் தளர்த்தியது. எல்லாப் பத்திரிகைகளும் அதை அன்றே போட்டுவிட்டன. தளர்வுக்கு முன் திருப்பி அனுப்பப்பட்ட நெல் யாருக்கு, என்ன விலைக்குப் போயிற்று என்று மட்டும் நான் மூன்று வாரம் விசாரித்தேன். அந்தக் கட்டுரைதான் என்னை மறுபடி எழுத்தாளனாக்கியது. பணம் சொற்பம்தான், ஆனால் அடுத்த முறை ஆசிரியரே கூப்பிட்டார்.

அட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும், நீங்கள் நிருபரா என்று கேட்க அவர்களுக்கு வழியில்லை. ‘ஏன்’ என்று கேட்காமல், எந்தத் தேதியில் எத்தனை சிப்பம் (நெல் மூட்டை) என்று பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். டெஸ்க்கில் இருந்தவருக்கு எந்த வரியில் ஓட்டை இருக்கிறது என்பது தெரியுமே, களத்தில் அதுதான் பாதி வேலை.

பதில்: கடைமடை

சேனல் தவறில்லை. ஆனால் நம் பக்கத்தில் பகுதிநேர நிருபர்கள் பலருக்குச் சம்பளத்தைவிட விளம்பரக் கமிஷன்தான் வரும்படி என்பதை நீங்களே அறிவீர்கள். தீபாவளிக்கு அரிசி ஆலையில் வாழ்த்து விளம்பரம் வாங்கிவிட்டுப் பொங்கலுக்கு நெல் விலையைப் பற்றி எப்படி எழுதுவது? மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு என்று எதிலாவது வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்:

பணிக்கொடை மனுவை இன்றே அனுப்பிவிட்டேன். கொள்முதலை ஓடம்போக்கி ஐயா எழுதிவிட்டார். எனக்கு எங்கள் வாய்க்கால் இருக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி எங்கள் மதகுக்குத் தண்ணீர் எந்த நாளில் வந்தது என்று, கடந்த ஐந்து ஆண்டுப் பதிவேட்டை முதலில் கேட்கப் போகிறேன்.