மறுமொழி: ‘கல்லூரி மாவட்டம்’ என்பதற்கு மாற்றுச் சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் தொடங்கிவைத்த இழை நீண்டுவிட்டது. ‘கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட்’ என்பதைத் தமிழில் ‘கல்லூரி மாவட்டம்’ என்று எழுதாமல் வேறு எப்படி எழுதலாம் என்பது கேள்வி. ஓர் ஏரியின் பாசனத்துக்கு உட்பட்ட நிலத்தைக் குறிக்கும் ‘ஆயக்கட்டு’ என்று நான் முன்வைத்த சொல்லுக்கு ஆதரவும் வந்தது, பலமான மறுப்பும் வந்தது. மறுப்புகளில் ஒன்று என் கருத்தையே மாற்றிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக, சிக்கல் எங்கே முளைத்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2020 மார்ச் 3 அன்று கலிபோர்னியாவில் தேர்தல். அதற்குச் சில நாட்கள் முன்பு, சன்னிவேலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டை விரித்து வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். அவருக்கு மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். குடியுரிமை கிடைத்தபின் போடப்போகும் முதல் வாக்கு. அவருக்கும், அவரோடு காலையில் பூங்காவில் நடக்கும் பெரியவர்களுக்குமாக, சீட்டில் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். பேனாவால் நிதானமாக ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தவர், இரண்டு கேள்விகளை மட்டும் தொடாமலேயே சீட்டை மடித்து உறைக்குள் வைத்தார். இரண்டும் ஃபுட்ஹில்–டி ஆன்சா சமுதாயக் கல்லூரி டிஸ்ட்ரிக்ட் கேட்ட கேள்விகள். ஏன் விட்டுவிட்டீர்கள் என்றேன். என் குறிப்பை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். “மாவட்டம் என்று எழுதியிருக்கிறாயே. மாவட்டத்துக் காரியத்தைக் கலெக்டர் பார்த்துக்கொள்வார். அதில் நம்மை என்ன கேட்பது?”

விளக்கினேன். இங்கே கலெக்டர் இல்லை. இந்த எல்லைக்குள் இருக்கிற வீடுகளின் வரியில்தான் அந்த இரண்டு கல்லூரிகளும் பெரும்பாலும் நடக்கின்றன. எல்லை சன்னிவேலோடு முடிவதில்லை. குப்பர்டினோ, மவுன்டன் வியூ, லாஸ் ஆல்டோஸ், பாலோ ஆல்டோ, சான் ஹோசேயின் மேற்குத் துண்டு என்று ஊர்களைத் தாண்டிக் கிடக்கிறது. எல்லைக்குள் குடியிருக்கும் வாக்காளர்களைக் கேட்காமல் புது வரியும் போட முடியாது, கடனும் வாங்க முடியாது. அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “எங்கள் ஏரிக்கு ஆயக்கட்டு என்று சொல்வோமே, அதைப்போலவா? அப்படியே எழுதியிருக்கலாமே.” உறையிலிருந்து சீட்டை மறுபடி எடுத்து இரண்டையும் நிரப்பினார். பூங்கா நண்பர்களில் மூன்று பேர் அதற்குள் அஞ்சலில் போட்டுவிட்டிருந்தார்கள். விசாரித்தபோது அவர்களும் அந்த இரண்டையும் வெறுமையாகவே விட்டிருந்தது தெரிந்தது. ‘மாவட்டம்’ என்று எழுதியவன் நான். ஆறு வாக்குகள் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டன. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆறு வாக்குகளால் முடிவு மாறியிராது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மாறியிராது. ஆனால் அந்தக் கேள்விகள் என்ன, மக்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று பார்த்தால், இந்த அமைப்புக்குச் சரியான பெயர் ஏன் தேவை என்பது புரியும்.

ஜி என்ற எழுத்திட்ட கேள்வி, கட்டடங்களைப் புதுப்பிக்க 89.8 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிடலாமா என்பது. எச் என்ற எழுத்திட்டது, மனைக்கு ஆண்டுக்கு 48 டாலர் வீதம் ஐந்தாண்டு வரி விதிக்கலாமா என்பது. ஒரே நாள், ஒரே எல்லை, அதே வாக்காளர்கள். ஜி ஏறத்தாழ 59 விழுக்காட்டு ஆதரவோடு நிறைவேறியது. எச் தோற்றது. கடன்பத்திரத்துக்கு 55 விழுக்காடு போதும். மனைவரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மனைவரிக்கு மூன்றில் இரண்டு என்ற கட்டைப் போட்டது 1978இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு; உள்ளூர்க் கடன்களுக்கு அந்தக் கட்டு அதற்கு முன்பிருந்தே உண்டு. கல்விக் கட்டடக் கடன்களுக்கு மட்டும் அதை 55ஆகத் தளர்த்தியது 2000 நவம்பரில் வந்த 39ஆம் முன்மொழிவு. தளர்த்திய கையோடு அது வேறு கட்டுகளையும் போட்டது. சமுதாயக் கல்லூரி டிஸ்ட்ரிக்டாக இருந்தால் ஒரு கடன்பத்திரத்துக்கான வரி, மதிப்பிட்ட சொத்தில் ஒரு லட்சம் டாலருக்கு 25 டாலரைத் தாண்டும் என்று கணக்கிட்டால் அதை இந்த 55 விழுக்காட்டு வழியில் கொண்டுவர முடியாது. செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்றும் இருக்க வேண்டும்.

இதே டிஸ்ட்ரிக்ட் 1999இல் 24.8 கோடி டாலர் கேட்டபோது பழைய விதி இருந்தது. மூன்றில் இரண்டைத் தாண்டித்தான் வென்றது. 2006இல் 49.08 கோடி கேட்டபோது கிடைத்த ஆதரவு 65.69 விழுக்காடு. பழைய விதியின்படி அது மயிரிழையில் தோற்றிருக்கும். 2020இல் இன்னும் இறங்கி 59க்கு வந்தது. அதே மார்ச் சீட்டில் மாநிலம் முழுவதற்குமாகக் கேட்ட 1,500 கோடி டாலர் கல்விக் கடன்பத்திரத்தை 53 விழுக்காட்டினர் மறுத்தார்கள். அதற்கும் 13 என்றே எண் விழுந்திருந்தது. பழைய 13ஐத் திருத்துகிறார்கள் என்று பலர் குழம்பியதாக அப்போது பேச்சு இருந்தது. பெயரும் எண்ணும் வாக்காளரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இது போதும்.

இனி வந்த சொற்களுக்கு வருகிறேன்.

‘கல்லூரி வட்டம்’, ‘கல்லூரிக் கோட்டம்’ இரண்டும் மாவட்டத்தின் தம்பிகள். வட்டம் என்றால் வட்டாட்சியர், கோட்டம் என்றால் கோட்டாட்சியர் நினைவுக்கு வருவார். மேலேயிருந்து ஓர் அதிகாரியை அமர்த்தும் வருவாய்த்துறைச் சொற்கள் அவை. தமிழ்நாட்டில் ‘கல்வி மாவட்டம்’ என்ற சொல் வழக்கில் இருப்பதால் ‘கல்லூரி மாவட்டம்’ அதன் உடன்பிறப்பாகவே காதில் விழும். ‘கல்லூரித் தொகுதி’யும் ஆகாது. டிஸ்ட்ரிக்டை உள்ளே பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கும் முறை கலிபோர்னியாவில் 2001ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு பரவியிருக்கிறது. தொகுதி என்ற சொல் அந்த உட்பகுதிகளுக்குத் தேவைப்படும்; அதை இங்கே செலவழிக்கக்கூடாது.

‘கல்லூரி வாரியம்’ என்று எழுதிய அக்கா உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் நினைவூட்டினார். குடவோலையில் பெயர் எடுத்து அமைத்த குழுக்கள். படிக்கும்போதே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் வாரியம் என்பது குழு, எல்லை இல்லை. இன்றைய வாசகருக்கு அது மின்சார வாரியமும் தேர்வு வாரியமும்தான். தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து பேருக்கு ஏற்கெனவே ‘அறங்காவலர்’ இருக்கிறது. கோயில் வாடை அடிக்கிறது என்றாலும் பொருள் சரி. அது அப்படியே இருக்கட்டும்.

என் ‘ஆயக்கட்டு’க்கு வருகிறேன். பொதுப்பணித்துறையில் நெடுங்காலம் ஏரிகளோடு வேலை பார்த்த ஐயா எழுதியதை அப்படியே தருகிறேன்:

> ஆயக்கட்டு என்பது பதிவேட்டில் ஏறிய நிலம். அதில் நிலம் உள்ளவனுக்குத்தான் பேச்சு. குத்தகைக்காரனே எட்டத்தில் நிற்பான், கூலிக்காரனைக் கேட்பாரே இல்லை. உங்கள் கல்லூரித் தேர்தலில் வாடகைக்கு இருப்பவனுக்கும் வாக்கு உண்டு என்கிறீர்கள். அப்படியானால் இந்தச் சொல் வாக்காளரை வீட்டுச் சொந்தக்காரனாகச் சுருக்கிவிடாதா?

ஐயா, இந்த மடலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் சொல்வது சரி. நான் நினைத்ததைவிடவும் சரி. அமெரிக்காவிலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில், பள்ளி டிஸ்ட்ரிக்ட் தேர்தலில் நிலம் உள்ளவர்களும் வாடகைதாரரும் பிள்ளை படிக்கிற பெற்றோரும்தான் வாக்களிக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. பெற்றோர் வீட்டில் வாழ்ந்த, சொந்த வீடோ பிள்ளையோ இல்லாத ஓர் இளைஞர் வழக்குப் போட்டார். 1969இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. ஆனால் 1973இல், கலிபோர்னியாவின் டுலேரே ஏரிப் படுகையில் உள்ள நீர்த்தேக்க டிஸ்ட்ரிக்ட் பற்றிய வழக்கில், நில உடைமையாளர் மட்டும், அதுவும் நிலத்தின் மதிப்புக்கேற்ற எண்ணிக்கையில், வாக்களிக்கலாம் என்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அங்கே குடியிருந்த மற்றவர்களுக்கு வாக்கே இல்லை.

ஆகவே ‘ஆயக்கட்டு’ பொருந்துகிற டிஸ்ட்ரிக்டும் கலிபோர்னியாவில் இருக்கிறது. அது அந்த நீர்த்தேக்க டிஸ்ட்ரிக்ட். கல்லூரிக்கு அதையே சூட்டினால் 1969இல் ஒழிந்த பாகுபாட்டைத் தமிழில் நானே திரும்பக் கொண்டுவருவேன். என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கட்டு என்பதுதான் நிலத்தைப் பிடிக்கிறது. ஆயம்? அது வரி. இன்றும் தமிழ்நாடு அரசில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை இருக்கிறது. ஆயம் கூட்டமும்கூட. ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் என்று பழம்பாட்டில் வரும் பேராயம் அதுதான். நீதிக்குக் கூடுவது தீர்ப்பாயம். வரியும் அவையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இரண்டும் இன்றைய எழுத்தில் உயிரோடு இருக்கின்றன. தனக்கென்று வரி, தனக்கென்று தேர்ந்தெடுத்த அவை. டிஸ்ட்ரிக்டை டிஸ்ட்ரிக்டாக ஆக்குபவை இவை இரண்டுமே.

அதனால் நான் இப்போது வைக்கும் சொல்: கல்லூரி ஆயம். எல்லையைச் சொல்லும்போது ஆய எல்லை.

ஆயம் என்றால் தலைவியின் தோழியர் கூட்டமல்லவா என்று தமிழாசிரியர் ஒருவர் தனிமடலில் கேட்டார். ஆம், அந்தப் பொருளும் உண்டு. தீர்ப்பாயத்தைப் பார்த்து யாரும் தோழியரை நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் வழிகாட்டிவிடும்.

ஒரு கலைச்சொல் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க, அதன் உறவினர்களையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். குப்பர்டினோவில் ஒரே வீடு தொடக்கப்பள்ளிக்கு ஒன்று, உயர்நிலைப்பள்ளிக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, திறந்தவெளி நிலங்களைக் காப்பதற்கு ஒன்று என ஐந்து டிஸ்ட்ரிக்டுகளுக்குள் நிற்கிறது. பள்ளி ஆயம், கல்லூரி ஆயம், நீர் ஆயம், திறந்தவெளி ஆயம். நாக்கில் தடுக்கவில்லை. இவற்றையெல்லாம் மாவட்டம் என்று எழுதினால் ஒரே வீட்டுக்கு ஐந்து கலெக்டர்கள் வந்துவிடுவார்கள். நிலத்துக்கு மட்டுமே வாக்கு உள்ள இடத்துக்கு ‘ஆயக்கட்டு’ தனியாக இருக்கட்டும்.

இழையில் கேட்ட மற்ற இரண்டு சொற்கள்: ‘பிரிசிங்க்ட்’, ‘அண்டர்வோட்’.

வாக்கு எண்ணிக்கையை ‘பிரிசிங்க்ட்’ எனப்படும் மிகச் சிறிய பகுதிவாரியாக, தேர்தலை நடத்தும் உள்ளாட்சி அமைப்பான கவுண்டி வெளியிடுகிறது. அந்தப் பகுதியை ‘வாக்குச்சாவடி’ என்று எழுதுவது எங்கள் சான்டா கிளாரா கவுண்டியில் இனிப் பொருந்தாது. 2020 மார்ச்சிலிருந்து எல்லா வாக்காளருக்கும் சீட்டு அஞ்சலில் வருகிறது. கவுண்டிக்குள் எந்த வாக்கு மையத்துக்கும் போகலாம். சாவடி போய்விட்டது, பகுதி மட்டும் நிற்கிறது. நம் ஊர் வாக்காளர் பட்டியலின் தலைப்பிலேயே இதற்குச் சொல் இருக்கிறது: பாகம் எண். பாகவாரி முடிவு என்று எழுதுவோம்.

மூன்று பெரியவர்களும் வெறுமையாக விட்ட இடங்களுக்கு என்ன பெயர்? ‘செல்லாத வாக்கு’ தவறு. சீட்டின் மற்ற பகுதிகள் செல்லும். நோட்டாவும் இல்லை, அதில் ஒரு பொத்தானை அழுத்தி மறுப்பைப் பதிவு செய்கிறோம். இங்கே எதுவும் பதிவாவதில்லை. 55 விழுக்காட்டைக் கணக்கிடும்போது அந்தக் கேள்விக்கு விடையளித்தவர்களை மட்டுமே எண்ணுவார்கள். விட்டவர் ஆதரவிலும் இல்லை, எதிர்ப்பிலும் இல்லை. ‘விடுபட்ட வாக்கு’ என்றால் எண்ணுபவர் தவறவிட்டதாகத் தோன்றும். இடாவாக்கு என்று எழுதலாமா? இடாத வாக்கு. ஒரே இடத்தில் இரண்டு விடை குறித்தால் அது மிகைவாக்கு. இலக்கணம் அறிந்தவர்கள் சரிபார்க்க வேண்டும்.

அடுத்த தேர்தலுக்கான குறிப்பின் முதல் பத்தியை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்திருக்கிறேன்:

> உங்கள் வீடு ஃபுட்ஹில்–டி ஆன்சா சமுதாயக் கல்லூரி ஆயத்தின் எல்லைக்குள் இருக்கிறது. வீடு சொந்தமானாலும் வாடகையானாலும் இந்தக் கேள்வி உங்களுக்கும் உரியது. ஆம், இல்லை இரண்டில் ஒன்றைக் குறியுங்கள். குறிக்காமல் விட்டால் அது இடாவாக்கு; எந்தப் பக்கத்திலும் சேராது.

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். ‘ஆயம்’ என்றதும் நிமிர்ந்து பார்த்தார். “கட்டு எங்கே போயிற்று?” என்று கேட்டார். பொறியாளர் ஐயா சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்பா ஊரில் குத்தகைக்கு உழுதவர். “அப்படியானால் எடுத்துவிடு” என்றார்.

குறிப்பு ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘இடாவாக்கு’ குறித்து மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
சன்னிவேலிலிருந்து